சாப்பிட மறுத்த கொண்டைப் பல்லி: திருகோணமலையில் ஒரு கச்சான் காலத்து நிகழ்வு ஆய்வு

இதை எழுதுவது யார்

திருகோணமலை நகரத்தில் சின்னதாக ஒரு வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். மீன், மீன்தீன், காற்று மோட்டார், கண்ணாடித் தொட்டி, இவைதான் என் தொழில், பல்லி என் தொழில் இல்லை. ஆனாலும் ஊரில் யாராவது கண்ணாடிக்குள் எதை வைத்து வளர்த்தாலும், அதற்கு ஏதாவது வந்தால் முதலில் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். அப்படி வந்த ஒரு விஷயத்தைத்தான் எழுதுகிறேன். அந்தக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு, பெயர் எதுவும் இல்லாமல். நான் விட்ட பிழைகளும் இதில் இருக்கின்றன.

பின்னணி

பையனுக்குப் பதினைந்து வயது. அவனுடைய தாய்மாமன் கொழும்பில் இருந்தவர், கனடாவுக்கு விசா கிடைத்து வெளிக்கிட்டபோது தான் இரண்டு வருடமாக வளர்த்த கிரெஸ்டட் கெக்கோவை மருமகனிடம் கொடுத்துவிட்டார். தலையிலிருந்து கண்ணுக்கு மேலாக முதுகு வரை இமைமயிர் போல வரிசையாக முள் வைத்த பல்லி அது, நாங்கள் கொண்டைப் பல்லி என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டோம். சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் 45 சதமமீற்றர் அகலமும் 60 உயரமும் கொண்ட தொட்டி, கால் பைக்கற் தீன் தூள், ஒரு ஸ்ப்ரே போத்தல், இவ்வளவோடும் இரவு ரயிலில் அது திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது.

மாமா சொல்லிவிட்ட பராமரிப்பு மூன்று வரிக்குள் அடங்கும். தூளை இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீரில் கரைத்து வை, தூள் முடிந்தால் பழம் கொடு, பின்னேரத்தில் தண்ணீர் அடி. மூன்றும் பிழையில்லை. அவர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்தான் பிறகு எங்களை இரண்டு கிழமை அலைக்கழித்தது. அவர் அதை மறைக்கவில்லை, அவருக்கு அது ஒரு விஷயமாகவே தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சித்திரை மாதம் பிரச்சினை இல்லாமல் போனது. வைகாசி நடுப்பகுதியில் தூள் தீர்ந்தது. அம்மா கதலி வாழைப்பழத்தை மசித்து, அதில் கொஞ்சம் தேன் விட்டு, வீட்டில் குழந்தைக்கு வாங்கிய சீரியலையும் கலந்து ஒரு சின்னத் தட்டில் வைத்தார். பாசத்தில் குறைவில்லை. பையன் இரவில் வாசல் பல்பைச் சுற்றிவரும் விட்டில்களைப் பிடித்துப் போட்டான். முதல் பத்து நாள் வாழைப்பழத்தை விழுந்து விழுந்து நக்கியதாம். அப்புறம் கச்சான் தொடங்கியது.

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வரி. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கி எங்கள் மேல் வீசும், அதைத்தான் கச்சான் என்கிறோம். வைகாசி, ஆனியில் தொடங்கி ஆவணி வரை உடம்பில் ஈரம் நிற்க விடாது, கிணறு இறங்கும், வீட்டுக் கதவு தானாக அடிக்கும்.

விலங்கைப் பற்றிக் கொஞ்சம்

இந்தப் பல்லியின் சொந்த ஊர் பசிபிக்கில் இருக்கும் நியூ கலிடோனியா. 1866 இல் விஞ்ஞானிகள் அதைப் பதிவு செய்தார்கள், பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படாததால் அழிந்துபோய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள், 1994 இல் திரும்பவும் கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருப்பவை அந்தக் காலத்தில் கொண்டுவந்த சிலவற்றின் வழியில் கூண்டிலேயே பிறந்து பெருகியவை. மரத்தில் வாழும், இரவில்தான் நடமாடும், கனிந்த பழம், பூந்தேன், சின்னப் பூச்சி ஆகியவற்றைத் தின்னும். கண்ணுக்கு இமை இல்லை என்பதால் நாக்கால் கண்ணை நக்கித் துடைக்கும். அதற்கு ஏற்ற வெப்பநிலை 22 முதல் 26 பாகை செல்சியஸ். 28ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும், 30க்கு மேலே மணிக்கணக்கில் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கடைசி இரண்டு எண்களும் அப்போது எனக்குத் தெரியாது. மீன்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் 26 பாகைத் தண்ணீர்.

கடைக்கு வந்த நாள்

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பையன் மட்டும் வந்தான், பல்லியைக் கொண்டுவரவில்லை.

"அண்ணா, அது ஒரு கிழமையா ஒழுங்காச் சாப்பிடுதில்லை. வேற என்ன தீன் இருக்கு?"

கேள்வி தீனைப் பற்றி வந்தது, நானும் தீனைப் பற்றியே பதில் சொன்னேன். மீனுக்காக வைத்திருந்த மீல்வோர்ம் புழுவில் ஒரு டப்பாவைக் கொடுத்து, இதைப் போட்டுப்பார் தம்பி, உயிரோடு அசைந்தால் பிடிக்கும் என்று அனுப்பிவிட்டேன். எங்கே வைத்திருக்கிறாய், அந்த இடம் எவ்வளவு சூடு, கடைசியாக எப்போது கழித்தது, ஒன்றையும் கேட்கவில்லை. பணம்கூட வாங்கவில்லை, அதனால் நல்ல காரியம் செய்த நினைப்பு வேறு.

ஐந்து நாள் கழித்து அம்மாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். புழு ஒன்றைக்கூடத் தொடவில்லை. அம்மாவின் கவலை கொஞ்சம் வேறு திசையில் இருந்தது.

"நேற்று ராத்திரி ரெண்டு தரம் குரைச்ச மாதிரிக் கத்தினது தம்பி. பஞ்சாங்கத்தில பல்லி சொல்லுக்குப் பலன் இருக்கு, இதுக்கு எங்க போய்ப் பாக்கிறது?"

கிரெஸ்டட் கெக்கோ பயந்தால் அப்படிச் சத்தம் போடும், அது சகுனம் இல்லை அம்மா என்றேன். எதற்குப் பயந்தது என்ற கேள்வி அப்போதுதான் எனக்கே எழும்பியது. (விடை பிறகு தெரிந்தது. தீனாகப் போட்ட என் புழுக்கள் இரவில் அதன் உடம்பில் ஏறியிருக்கின்றன.) கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு போனேன்.

வீட்டில் கண்டது

சீற் கூரை வீடு. முன்னறையில் இரும்பு அலுமாரி, அந்த அலுமாரிக்கு மேலே தொட்டி. பூனை தொடக்கூடாது என்று அப்பா அங்கே தூக்கி வைத்திருக்கிறார். தொட்டியின் மூடிக்கும் சீற்றுக்கும் இடையில் இரண்டு முழம் கூட இல்லை. கையை மேலே நீட்டியபோதே வெக்கை முகத்தில் அடித்தது.

கடையிலிருந்து கொண்டுபோன வெப்பமானியின் கம்பியைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு 33.4. இரவு பத்து மணிக்குப் பையன் பார்த்துச் சொன்னது 29.8. அதாவது அந்தப் பல்லிக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலம்கூட ஆறுதல் இல்லை. வழக்கமாக மேலே இலைகளுக்குள் ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டியது, பகலில் தொட்டியின் அடியில், தண்ணீர்த் தட்டோடு வயிற்றை ஒட்டி வாயைச் சற்றுத் திறந்தபடி கிடந்தது. தட்டில் தண்ணீர் இல்லை, வெள்ளைக் கறை மட்டும்.

உடம்பைப் பார்த்தேன். தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விழவில்லை. முன்கால் விரல்கள் இரண்டில் உரிந்த தோல் நூல் சுற்றினது போல இறுகி, நுனி கறுத்திருந்தது. கண்ணாடியில் ஏற முயன்று இரண்டு தடவை வழுக்கியது, இந்தச் சாதி ஒட்டுக்காலை வைத்துக்கொண்டு கண்ணாடியில் வழுக்குவது சாதாரணம் இல்லை. கீழ்த்தாடையை விரல் நுனியால் மெல்லத் தொட்டபோது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தது. சமையலறைத் தராசில் 26 கிராம். அன்றிரவு மாமாவைக் கைபேசியில் பிடித்தோம், கொழும்பில் கடைசியாக நிறுத்தபோது 36 கிராம் என்றார். பத்துக் கிராம், நாங்கள் கையில் எடுத்தால் தெரியாத எடை, அதற்கு உடம்பில் கால்வாசிக்கு மேல்.

அதே அழைப்பில்தான் அந்த விஷயமும் வந்தது. தொட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "என்ர அறையிலதான், கட்டிலுக்குப் பக்கத்தில." அறையில் ஏசி இருந்ததா? "ஓம், அது எந்த நேரமும் போடுறதுதானே, இருபத்தஞ்சில இருக்கும்."

அம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நியாயமான சந்தேகம்: சுவரில் ஓடுகிற நம்முடைய பல்லியும் இதே வெக்கைக்குள்தானே இருக்கிறது? இருக்கிறது, ஆனால் அது இந்த ஊர்ப் பிள்ளை, இந்தச் சூட்டுக்குப் பழகிய உடம்பு, பகலில் சுவர் வெடிப்புக்குள்ளும் படத்துக்குப் பின்னாலும் தானே குளிர்ச்சியான இடம் தேடிப் போய்விடும். இது கண்ணாடிக்குள் இருப்பதால் இதற்கு அந்தத் தெரிவு இல்லை.

இன்னொன்றும் கண்டேன். வாழைப்பழத் தட்டில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைகிறது, ஆனபடியால் கொஞ்சமாவது சாப்பிடுகிறது என்று நம்பியிருந்தார்கள். அன்றிரவு ஒரே அளவு மசியலை இரண்டு சோடாப் போத்தல் மூடிகளில் வைத்து, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் ஒன்றைத் தொட்டிக்கு வெளியே அலுமாரி மேலும் வைக்கச் சொன்னேன். காலையில் இரண்டும் ஒரே மட்டத்தில் காய்ந்து சுருங்கியிருந்தன. சாப்பிட்டது கச்சான் காற்று.

முடிவு ஒன்று: முதலில் சூடு

தீனை மாற்றுவதை நிறுத்திவைத்தோம். ஊர்வன தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, சுற்றியிருக்கும் சூடு எவ்வளவோ அதுதான் அதன் உடம்புக்கும். எல்லை தாண்டிய சூட்டில் அது சாப்பிடாது, வற்புறுத்தி ஊட்டினாலும் ஒழுங்காகச் செரிக்காது. ஆகவே முதலில் தொட்டியை அலுமாரியிலிருந்து இறக்கி, உள்ளறையில் வெயில் படாத சுவரோரம் சீமெந்துத் தரையில் வைத்தோம். அதிலேயே இரண்டு பாகை குறைந்தது. பூனைக்கு என்ன செய்வது என்று அப்பா கேட்டார், அறைக் கதவைச் சாத்துவது என்று முடிவானது.

அடுத்தது சாக்கு. தொட்டியின் மூன்று பக்கமும் நனைத்த சணல் சாக்கைத் தொங்கவிட்டு, நாலடி தள்ளி ஒரு ஃபேன். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வேலைதான், காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குச் சாக்கிலிருந்து ஈரம் பறக்கும், பறக்கிற ஈரம் சூட்டையும் கொண்டுபோகும். கச்சானில் இது நன்றாக வேலை செய்யும். மாரியில், காற்றே ஈரமாக இருக்கும்போது, இதை நம்ப முடியாது. இதனால் பகலில் 29 வரை இறங்கியது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

மிச்சத்துக்கு ஐஸ். மீன் வாடியில் ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே துளையிட்ட பிளாஸ்ரிக் டப்பாவில் ஈரக் கடதாசி விரித்துப் பல்லியை வைத்து, பெட்டியின் மறுமூலையில் உறைந்த தண்ணீர்ப் போத்தல். முதல் நாளே நான் சொதப்பினேன். போத்தலைச் சும்மா வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன், ஒரு மணித்தியாலத்தில் உள்ளே 19க்கு இறங்கிவிட்டதாகப் பையன் அழைத்தான். 33லிருந்து 19க்கு ஒரே அடியில் விழுத்துவது நோயாளிக்குச் செய்யும் வேலை இல்லை. அப்புறம் போத்தலைப் பத்திரிகைத் தாளிலும் துவாயிலும் சுற்றி, மூடியை விரல் இடைவெளி விட்டுச் சாய்த்து வைத்து, வெப்பமானிக் கம்பியை டப்பாவுக்குள்ளேயே நிரந்தரமாக விட்டோம். 25க்கும் 26க்கும் இடையில் நின்றது. காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை பெட்டி, அதற்குப் பிறகு தொட்டி. போத்தல் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாறும். ஒரு நாள் பகல் முழுக்கக் கறண்ட் இல்லை, பிரிட்ஜில் இருந்த நாலு போத்தலும் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றின.

ஈரப்பதத்தையும் இதோடு பார்த்தோம். பின்னேரம் ஆறரைக்கு இலைகள் சொட்டும் அளவுக்குத் தண்ணீர் அடிப்பது, காலையில் காய விடுவது. இலையில் நிற்கிற துளியை நக்கித்தான் இது பெரும்பாலும் தண்ணீர் குடிக்கும், தட்டு இரண்டாம்பட்சம். முதல் இரவே கண்ணாடியில் வழிந்த துளிகளை நாக்கு நீட்டி நீட்டி நக்கியதைப் பையன் வீடியோ எடுத்து அனுப்பினான். நான் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சோறு தின்றேன்.

வால்

நாலாவது நாள். பையன் எப்போதும் பின்பக்கம் மெல்லத் தட்டி, பல்லி தானாக முன்கையில் நடந்து ஏறும்வரை பொறுத்திருப்பான். எனக்கு அவசரம், கடையில் ஆள் இல்லை. மேலிருந்து கையைப் போட்டுப் பிடித்தேன். வால் என் உள்ளங்கையில் கழன்று, சீமெந்தில் விழுந்து துள்ளியது. இரத்தம் அதிகம் இல்லை, இரண்டு துளி.

நம்முடைய வீட்டுப் பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும். இதற்கு முளைக்காது. காட்டில் வளர்ந்த கிரெஸ்டட் கெக்கோக்களில் பெரும்பாலானவை வால் இல்லாமலே திரிகின்றன, அது உயிருக்குக் குறை இல்லை என்று பிறகு படித்துப் பையனுக்குச் சொன்னேன். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வாலில் கொழுப்புச் சேமிக்கிற பல்லியும் இல்லை இது, அதனால் தீன் கணக்கில் பெரிய இழப்பு இல்லை, எடை மட்டும் 24 என்று காட்டியது. காயம் காயும்வரை தென்னந்தும்பை அகற்றிவிட்டுத் தரையில் வெள்ளைக் கடதாசி விரித்தோம்.

முடிவு இரண்டு: தீன்

தாடை நெகிழ்ந்திருந்தது என்றேன் அல்லவா, அதற்குக் காரணம் சூடு இல்லை, தட்டு. வாழைப்பழம் 100 கிராமில் கல்சியம் சுமார் 5 மில்லிகிராம், பொசுபரசு 22. பல்லிக்கு வேண்டியது இதற்குத் தலைகீழ், பொசுபரசு ஒரு பங்கு என்றால் கல்சியம் இரண்டு பங்கு. பொசுபரசு மிதமிஞ்சி, கல்சியம் குறைந்து, விற்றமின் டி3யும் இல்லாமல் போனால், உடம்பு எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும். முதலில் தாடை இளகும், பிறகு முதுகு கோணும், கால் நடுங்கும். பப்பாசிப்பழம் 100 கிராமில் கல்சியம் சுமார் 20, பொசுபரசு 10. நாங்கள் தேடிய விகிதம் அப்படியே சந்தையில், ஒரு பழத்தில். மலிவாகவும் கிடைக்கிறது.

ஆனாலும் பப்பாசியை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது, புரதம் போதாது. இதற்கென்றே செய்த முழுத்தீன் தூள்தான் அடிப்படை உணவு. கொழும்பில் விசாரித்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னோம், வர ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளுக்கும் கனிந்த பப்பாசி மசியல், அதில் டி3 கலந்த ஊர்வனவுக்கான கல்சியத் தூள் ஒரு சிட்டிகை. தேன், சீரியல் இரண்டும் நிறுத்தம். தேன் வெறும் இனிப்பு, அதற்குப் பழகினால் மற்றதைத் தொடாது. சீரியலில் பால்மா இருக்கும், பல்லி பால் குடிக்கிற சாதி இல்லை.

அரச மிருக வைத்தியரிடமும் காட்டினோம். அவர் நாள் முழுக்க மாடும் ஆடும் பார்ப்பவர், இதைக் கையில் எடுத்தது இதுவே முதல் தடவை என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறகு வாயைத் திறந்து பார்த்து, எடையைக் கணக்குப் போட்டு, ஒரு கல்சியத் திரவத்தைத் துளிக் கணக்கில் எழுதிக் கொடுத்தார். அந்த அளவை இங்கே எழுத மாட்டேன். 24 கிராம் உடம்புக்கு எழுதியதை வேறு யாராவது பார்த்துக் கொடுத்தால் விபரீதம்.

தூள் வந்த பிறகு நடைமுறை இப்படி. ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு தண்ணீர், தக்காளிச் சோஸ் பதம். சோடா மூடியில் முக்கால் அளவு. தரையில் வைக்கக்கூடாது, மரத்துப் பல்லி தரையில் போய்த் தேடாது, அதனால் கண்ணாடியின் நடு உயரத்தில் ஒட்டுகிற ஒரு சின்னத் தட்டில் மூடியைப் பொருத்தினோம். வைப்பது இரவு எட்டுக்குப் பிறகு, விளக்கை அணைத்துவிட்டு. குளிர் நாடுகளில் ஒரு நாளுக்கு மேலும் வைத்திருப்பார்களாம், எங்கள் வெக்கையில் காலை ஆறு மணிக்கே புளித்த மணம் வந்துவிடும், ஆகவே விடியவே எடுத்துக் கழுவ வேண்டும். உடம்பு தேறும்வரை தினமும், தேறிய பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள்.

எறும்பை யாரும் எச்சரிக்கவில்லை. இரண்டாவது இரவே தீன் மூடி கறுப்பாக இருந்தது. இனிப்புக்கு வந்த எறும்பு தளர்ந்துபோயிருக்கும் பல்லியையும் விட்டுவைக்காது. அம்மா பேசாமல் போய், பலகாரப் பாத்திரத்துக்குச் செய்வது போலவே, தொட்டியை நாலு செங்கல் மேல் ஏற்றி, செங்கலை நாலு தண்ணீர்த் தட்டில் வைத்தார். பிரச்சினை அன்றோடு முடிந்தது. நான் அதற்கு ஏதோ மருந்து தேட நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூச்சி விஷயத்தில் பையனுக்கும் எனக்கும் பேரம். விட்டில் பிடித்துப் போடுவது அவனுக்குச் சந்தோஷம், ஆனால் அயலில் நுளம்புக்குப் புகை அடிக்கிறார்கள், கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிக்கிறார்கள், அந்த நஞ்சோடு வந்து விழுகிற பூச்சியை நாம் கண்டுபிடிக்க முடியாது. மின்மினி மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது, அதன் உடம்பிலேயே பல்லியைக் கொல்லும் நஞ்சு இருக்கிறது. கடைசியில் சுவர்க்கோழிப் பூச்சிகளை ஒரு வாளியில் நாங்களே வளர்த்து, கரட்டும் முருங்கையிலையும் தின்னக் கொடுத்து, கிழமைக்கு ஒருதரம் மூன்று அல்லது நாலு, கல்சியத் தூளில் பிரட்டிப் போட்டோம். பல்லியின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். தின்னாததை இரவே எடுத்துவிட வேண்டும், என் மீல்வோர்ம் பாடம் போதும்.

அடுத்த ஆறு கிழமை

சூடு இறங்கிய மூன்றாவது இரவில் மூடியின் ஓரத்தில், நாக்கு இழுத்த இரண்டு கோடு. வெளியே வைத்த மற்ற மூடியில் கோடு இல்லை. ஐந்தாம் நாள் கடதாசியில் முதல் எச்சம், கறுப்பும் பக்கத்தில் வெள்ளையும். பையன் அதைப் படம் எடுத்து அனுப்ப, என் மனைவி அதைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டாள், அது தனிக்கதை.

விரலில் இறுகிய தோலுக்கு, அறைச் சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணி போட்ட டப்பாவில் இருபது நிமிடம் விட்டு, நனைந்த பஞ்சுக்குச்சியால் உருட்டி எடுத்தோம். இழுக்கவில்லை. மூன்று தடவையில் எல்லாம் வந்தது, ஆனாலும் கறுத்திருந்த இரண்டு நுனியும் உதிர்ந்துவிட்டன.

எடை முதல் கிழமை இன்னும் ஒரு கிராம் இறங்கி 23. அப்போது அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன், சொல்லவில்லை. இரண்டாம் கிழமை 24, நாலாம் கிழமை 27, ஆறாம் கிழமை 30. தாடை இறுகிவிட்டது, ஆனால் கோணிய வடிவத்திலேயே இறுகிவிட்டது. முன்பக்கம் வாய் முழுதாக மூடாது, ஒரு தாள் இடைவெளி நிற்கும்.

இங்கே வைத்திருப்பதா

ஆவணியில் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். பல்லி தேறுகிறது, ஆனால் அது தேறுவது அம்மாவின் முதுகில். பையன் பள்ளிக்கூடம் போனால் போத்தல் மாற்றுவது அவர்தான், நாளுக்கு மூன்று தடவை, இரண்டு மாதமாக. ஒரு கலியாண வீட்டுக்குக்கூட மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. அடுத்த வருடம் பையனுக்கு சாதாரண தரப் பரீட்சை. கச்சானோ ஒவ்வொரு வருடமும் வரும். ஒரு பல்லிக்காக ஏசி போடுவது அந்த வீட்டு வருமானத்துக்குச் சரிவராது என்று அப்பா சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

யாரோ ஒரு உறவினர், கன்னியாப் பக்கம் காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார். அதை மட்டும் முகத்துக்கு நேரே மறுத்தேன். அந்த வெயிலில் அது பிழைக்காது, தப்பித்தவறிப் பிழைத்தாலும் வேற்று நாட்டு உயிரை நம்முடைய காட்டில் விடுவது இங்குள்ள பல்லிகளுக்குச் செய்யும் துரோகம்.

அப்பாவின் தங்கை பண்டாரவளையில் இருக்கிறார். அங்கே இரவில் போர்வை வேண்டும், பகலிலும் வீட்டுக்குள் 25 பாகையைச் சுற்றித்தான். மாமிக்குப் பிராணி வளர்த்துப் பழக்கம், வளர்ந்த மகள் ஒருத்தி வீட்டோடு. வீடியோ அழைப்பில் அவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டினோம், மூடி, தூள் பதம், தராசு, கையில் ஏற விடும் விதம், தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது உட்பட, ஏனென்றால் நலமாக இருக்கும் ஊர்வனவும் சல்மொனெல்லா கிருமியைக் காவலாம். ஒரு கிழமை வெப்பமானியை அவர்கள் வீட்டு மூலையில் வைத்து எழுதி அனுப்பச் சொன்னேன். கூடியது 26.1, குறைந்தது 18.6. பிறகுதான் சம்மதித்தேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு வானில் இரவு ஒன்பதுக்கு வெளிக்கிட்டார்கள், பகல் வெயில் படாமல் போய்ச்சேர. ரெஜிபோம் பெட்டி மடியில். மார்கழியில் மாமி அனுப்பிய தராசுப் படத்தில் 37 கிராம், வால் இல்லாமல்.

திரும்பச் செய்தால்

கடையில் யாராவது சாப்பிடவில்லை என்று வந்தால் இப்போது நான் தீன் டப்பாவைத் தொடுவதில்லை. வெப்பமானி ஒன்றைக் கையில் கொடுத்து, பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பார்த்து எழுதிக்கொண்டு வா என்கிறேன். முன்பு எந்த அறையில் இருந்தது, யார் வளர்த்தார், அந்த அறையில் என்ன ஓடியது என்று கேட்கிறேன். அன்று அந்தச் சனிக்கிழமை இதைக் கேட்டிருந்தால் ஐந்து நாள் மிச்சம், அந்த ஐந்து நாளில் விரல் நுனிகளும் மிச்சமாகியிருக்கலாம்.

எடையை வந்த நாளிலேயே எழுதியிருக்க வேண்டும். சித்திரையில் ஒரு எண் இருந்திருந்தால் வைகாசியிலேயே சரிவு தெரிந்திருக்கும், கண்ணால் பார்த்து 36க்கும் 31க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. தூள் தீருவதற்கு ஒரு மாதம் முன்பே அடுத்த பைக்கற். வெளியே ஒரு மூடி, உள்ளே ஒரு மூடி என்ற பழக்கத்தைக் கச்சான் காலத்தில் விடக்கூடாது.

கடதாசி விஷயமும் உண்டு. இப்படியான வேற்று நாட்டு ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேண்டும், மாமாவிடம் இருந்ததோ வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்றுதான். அதை நான் கடைசியில்தான் கேட்டேன், முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு யாராவது திருகோணமலைக்கு இதை வாங்கலாமா என்று கேட்டால், வருடம் முழுக்க 26க்குள் நிற்கிற அறை உங்களிடம் இருக்கிறதா என்றுதான் திருப்பிக் கேட்பேன், இல்லை என்றால் வேண்டாம்.

பையன் போன மாதம் பண்டாரவளைக்குப் போய்வந்தான். கையில் ஏறுவதற்கு முன்பை விடக் கொஞ்சம் யோசிக்கிறதாம், மாமியின் மகளிடம் உடனே போகிறதாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது, நான் மீனுக்குத் தண்ணீர் மாற்றுகிற சாட்டில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.